மாலைக் குழாயின் நிறம்

ரெஜினா அக்கா மறைந்த செய்தி எனக்குப் பட்டரவாக்கம் ரயில் நிலையத்தில் கிடைத்தது. காலை வண்டியின் பெண்கள் பெட்டியிலிருந்து இறங்கியபோது எதிரே பெருமாள் அண்ணன் நின்றிருந்தார். எங்கள் ஆய்வுக்கூடத்தின் குரங்குக் கொட்டகையைப் பார்த்துக்கொள்பவர் அவர். வீடு அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே இருப்பதால் ரயில் நிலையப் பக்கம் வரவேண்டிய வேலை அவருக்கு இல்லை. அந்த நேரத்தில் அவர் கொட்டகையில் பழம் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

“மல்லி, ஆபீசுக்கு வராத. எதிர்ல வர்ற வண்டில ஏறி ஆவடிக்குப் போயிடு” என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்துச் சொன்னார். “விடிகாலைலயே ஆயிடுச்சாம். அமல்ராஜ் சார் போன் பண்ணாரு. பழத்த அரிஞ்சி வெச்சிட்டு அப்டியே ஓடியாந்துட்டேன். அதுங்க கத்திகினு கீதுங்க.”

“நீங்க போய்ப் பழத்தப் போடுங்கண்ணே” என்று மட்டும் சொன்னேன். ஒரு மரணச் செய்திக்கு நான் சொன்ன பதில் அதுதான்.

அமல்ராஜ் சார் அக்காவின் கணவர். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. அக்காவின் நினைவுத் திருப்பலிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு புத்தகம் அச்சிடுகிறார். அதில் நானும் எழுத வேண்டும் என்று கேட்டார். “வீட்ல அவ எப்படின்னு எங்களுக்குத் தெரியும். கோயில்ல அவ பாடினதக் கேட்டவங்க இருக்காங்க. வேலையில எப்படி இருந்தான்னு உனக்குத்தான்மா தெரியும்” என்றார். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. எழுதுவதானால் முயன்று பார்க்கலாம்.

அக்காவை முதலில் பார்த்தது ரயிலில்தான். எண்பதுகளின் கடைசி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பட்டம் வாங்கி, வேலையும் கிடைத்து, திருமுல்லைவாயிலில் வண்டி ஏறினேன். உட்காரவே பயம். இடம் காலியாக இருந்தும் கதவருகே நின்றுகொண்டிருந்தேன். ஆவடியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி, பக்கத்து இருக்கையில் போட்டிருந்த கைக்குட்டையை எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“இன்னாம்மா, கதவப் புடிச்சிகினு நிக்கற? கதவு ஓடிடுமா? வந்து குந்து.”

நான் உட்கார்ந்தேன். எங்கே வேலை என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார். “அப்போ நீதானா அந்தப் புதுப் பொண்ணு? நான்தான் உனக்கு சீனியரு. குரங்குக்குப் பயப்படுவியா?”

“தெரியலக்கா.”

“பயப்படு. கொஞ்சம் பயம் இருந்தாதான் கடி வாங்கமாட்ட.”

அன்று முதல் ஆவடியில் ஏறும்போதே எனக்காக ஒரு கைக்குட்டை விழுந்துவிடும். அண்ணனூரில் ஏறுகிறவர்கள் சண்டை போட்டாலும் அதை எடுக்கமாட்டார். “என் தங்கச்சி அடுத்த ஸ்டேஷன்ல ஏறுவா” என்பார்.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அக்காவுக்கு நேர்ந்ததைச் சொல்ல முடியாது.

காசநோய்க்குக் கொடுக்கும் மாத்திரைகளில் ஒன்றை உடம்பில் நெடுநேரம் தங்கும்படி செய்ய முடியுமா என்பதுதான் எங்கள் ஆய்வு. அதைக் குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தோம். மருந்து ஈரலுக்குப் போனதும், அங்கே இருக்கும் ஒரு நொதி அதன்மேல் சிறு துணுக்கு ஒன்றை ஒட்டிவிடும். ஒட்டியபின் அந்த மருந்துக்கு வேலை இல்லை, சிறுநீரில் வெளியேறிவிடும். குரங்குகளின் ஈரல் இதை மிக வேகமாகச் செய்கிறது. மனிதர்கள் அப்படி ஒரே மாதிரி இல்லை. வேகமானவர்களும் உண்டு, மெதுவானவர்களும் உண்டு. அது பிறப்போடு வருவது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் மெதுவான மரபணு வந்து சேர்ந்தால் பிள்ளைக்கு மருந்து மெதுவாகத்தான் வெளியேறும். நம் ஊரில் மெதுவானவர்களே அதிகம் என்று எங்கள் ஆய்வுத் தலைவர் ஒருநாள் கரும்பலகையில் படம் போட்டுச் சொன்னார்.

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெருமாள் அண்ணன், “அப்போ நான் குரங்கு கட்சி டாக்டரே. ராத்திரி எவ்ளோ ஊத்தினாலும் காலைல தெளிஞ்சிடறேன்” என்றார்.

“அது வேற நொதி அண்ணாத்தே” என்றார் ரெஜினா அக்கா. “நீ எந்த அளவுக்குத் தெளிஞ்சன்னு உன் பொண்டாட்டியத்தான் கேக்கணும்.”

அதிலிருந்து ‘குரங்கு கட்சி’, ‘மனுசக் கட்சி’ என்பது எங்கள் சாப்பாட்டு நேர வேடிக்கையாகிவிட்டது. சீக்கிரம் சாப்பிட்டு முடிப்பவர் குரங்கு கட்சி. டிபன் டப்பாவை வைத்துக்கொண்டு பிசைந்துகொண்டே இருக்கும் நான் மனுசக் கட்சி. அக்கா தன்னைப் பற்றி ஒரே உறுதியாக இருந்தார். “நான் சுத்தக் குரங்கு. வண்டியப் புடிக்க எப்டி ஓடறேன், பாத்தல்ல?” எங்கள் இரத்தத்தைச் சோதித்து யார் எந்தக் கட்சி என்று பார்த்துவிடலாம் என்று ஒருமுறை தலைவரிடம் அவர் கேட்டதும் உண்டு. மனித இரத்தத்தைத் தொட நமக்கு அனுமதி இல்லை என்று அவர் மறுத்துவிட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

காலையில் குரங்குக்கு மாத்திரை கொடுத்து, மாலைவரை இடைவெளி விட்டு இரத்தம் எடுப்போம். அதிலிருந்து தெளிந்த நீரைப் பிரித்து, சில திரவங்களைச் சேர்த்தால், மருந்து இருக்கிற அளவுக்கு மஞ்சள் நிறம் வரும். பக்கத்திலேயே, அதே தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, திரவம் எதுவும் சேர்க்காத வெறும் குழாய் ஒன்றும் ஒப்பிட்டுப் பார்க்க இருக்கும்.

இதில் ரெஜினா அக்கா வைத்திருந்த வழக்கம் ஒன்று உண்டு. புது மாத்திரை கொடுத்த குரங்குகளோடு, சாதாரண மாத்திரை கொடுத்த குரங்கு ஒன்றையும் எப்போதும் சேர்த்துக்கொள்வார். அந்தக் குரங்கின் கடைசி இரத்தம் இருக்கும் குழாயை ‘மாலைக் குழாய்’ என்போம். அதற்குள் மருந்து முழுவதும் போயிருக்கும் என்பதால் அந்தக் குழாய் வெளிறி இருக்க வேண்டும். அதில் மஞ்சள் தெரிந்தால் அன்றைய வேலை முழுவதையும் கொட்டிவிடச் சொல்வார்.

“மாலைக் கொழாய்ல நிறம் கீதுன்னா மருந்து மேல தப்பில்ல. நம்ம கை சுத்தமில்ல. கழுவு.”

நாங்கள் கழுவுவோம். ஒவ்வொரு முறையும் அவர் சொன்னதே சரியாக இருந்தது. கழுவாத குழாயோ, பழைய திரவமோ அகப்பட்டுவிடும். வருடக்கணக்கில் அந்த ஒரு விதிதான் எங்கள் வேலையைக் காப்பாற்றியது. கரும்பலகையில் பார்த்ததை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் எங்கள் கண்ணும் கையும் குரங்கிடம் பழகியவை.

இந்த வருடம் மழைக்காலத்தில் அக்காவுக்கு இருமல் வந்தது. ரயிலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். சளியைச் சோதித்ததில் காசநோய் என்று தெரிந்தது. ரயில் கூட்டத்தில் ஒட்டியதா, குரங்குக் கொட்டகையில் ஒட்டியதா, யாருக்கும் தெரியாது. சிகிச்சை மையத்தில் எடை பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். எல்லோருக்கும் கொடுப்பது போலத்தான். ஒரு வேளையும் விடக்கூடாது என்றும், வாந்தியோ கண் மஞ்சளோ தெரிந்தால் உடனே வரவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

அக்காவின் மகள் ஷீபாவுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல்முறையாக நற்கருணை வாங்கும் நாள், நெருங்கிக்கொண்டிருந்தது. வெள்ளை கவுன் தைக்கக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பூசையில் இருமாமல் மகள் பக்கத்தில் உட்கார வேண்டும். அக்காவுக்கு அந்த நினைவைத் தவிர வேறு நினைவே இல்லை.

மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் வாந்தி வந்தது. அம்பத்தூர் வருவதற்குள் ஜன்னலில் தலையை நீட்டிவிடுவார். பாதம் மரத்துப்போகிறது என்றார். மையத்தில் சொல்லுங்கள் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சொன்னா நிறுத்திடுவாங்கடி. நிறுத்தினா நெஞ்சுல கீற சீக்கு முத்திடும். இருமல் கொறையவே இல்ல, பாத்தியா? எனக்கு இன்னா தோணுதுன்னா, இந்த மாத்திர என் ஒடம்புல தங்கவே மாட்டேங்குது. நம்ம குரங்குங்க மாதிரி வந்த வேகத்துல ஓடிப்போவுது.”

இந்தப் பயம் அவரை விடவில்லை. மாத்திரை கூடிப்போயிருக்குமோ என்ற எண்ணம் ஒரு முறைகூட வரவில்லை. வருடக்கணக்கில் நாங்கள் பார்த்தது மருந்து ஓடிப்போவதை மட்டுமே. ஓடிப்போகும் மருந்தை நிறுத்தி வைப்பதுதான் எங்கள் பிழைப்பே.

ஒருநாள் சாயங்காலம், தலைவர் பம்பாய்க்குப் போயிருந்தபோது, அக்கா முழங்கைக்கு மேல் ஜாக்கெட்டைச் சுருட்டிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். “எடு. பாத்துடுவோம்.”

“அனுமதி இல்லக்கா.”

“என் ரத்தத்துக்கு என் அனுமதி போதும். எடு மல்லி. கையக் கும்பிட்டுக் கேக்கறேன்.”

குரங்கின் காலில் நரம்பு தேடிப் பழகிய கையால் முதல் முறையாக ஒரு மனிதக் கையில் ஊசி ஏற்றினேன். அக்காதான் என்னைத் தேற்றினார். “நான் கடிக்கமாட்டேன். குத்து.”

அன்று குரங்கின் மாலைக் குழாய் வெளிறி இருந்தது. அக்காவின் குழாயில் நல்ல மஞ்சள். காலையில் விழுங்கிய மருந்து மாலையிலும் உடம்பிலேயே இருந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. “தங்குதுக்கா! மருந்து போகல!” என்றேன். அக்கா குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் தெளியவில்லை.

“இவ்ளோ நிறமா? மாலைக் கொழாய்ல? இருக்காதுடி. எங்கியோ ஒட்டிகினு கீது. நல்லதச் சொல்ற கொழாய நம்பாத. கழுவு.”

கழுவினேன். அவருக்கு அதிலும் திருப்தி இல்லை. குழாய்களே பழசு, புதுக் கண்ணாடி வரட்டும் என்றார். புதுக் குழாய்கள் வர ஒரு வாரத்துக்கு மேலாயிற்று. அந்த நாட்களில் அக்கா ஒரு வேளை மாத்திரையும் விடவில்லை. வாந்தியில் மாத்திரை வெளியே வந்துவிட்டால் இன்னொன்றை எடுத்து விழுங்கினார். அந்த வாரத்தை நினைக்காத நாள் எனக்கு இல்லை.

புதுக் குழாய்கள் வந்த அன்று அக்காவே எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்தார். நிற்க முடியாமல் முக்காலியில் உட்கார்ந்து கழுவினார். மாலையில் அவர் இரத்தத்தை எடுத்தேன். குரங்கின் இரத்தத்தையும் எடுத்தேன். குழாய்களை வரிசையாக நிறுத்தினோம்.

அக்காவின் குழாய் முன்னைவிட மஞ்சளாக இருந்தது. பக்கத்தில், அவர் இரத்தத்தின் தெளிந்த நீர் மட்டும் இருந்த, திரவம் எதுவும் சேர்க்காத வெறும் குழாயும் மஞ்சளாக இருந்தது.

“பாத்தியா!” என்று அக்கா கைதட்டினார். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். “ஒண்ணுமே சேக்காத கொழாயே மஞ்சளா கீது. அப்போ இன்னா அர்த்தம்? கண்ணாடிதான் அழுக்கு. நான் சொல்லல?”

நான் குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா, குரங்கோட குழாய் ரெண்டும் வெள்ளையா இருக்கே. அதுவும் இதே கண்ணாடி. நீங்கதான் கழுவினீங்க.”

அப்போதுதான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். மேற்கு ஜன்னலின் வெளிச்சம் அவர் முகத்தில் நேராக விழுந்துகொண்டிருந்தது. கையில் அந்தக் குழாய். அதற்கு மேலே அவர் கண்கள். இரண்டும் ஒரே நிறம்.

“அக்கா, உங்க கண்ணு.”

அவர் எழுந்து கைகழுவும் இடத்தில் இருந்த கண்ணாடியில் பார்த்தார். கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். குழாயைத் தூக்கிக் கண் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஈரல் கெட்டால் இரத்தத்தின் தெளிந்த நீரே மஞ்சளாகிவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

“கொழாய் சுத்தமாத்தான் இருந்திருக்கு மல்லி. போன வாரமும் சுத்தமாத்தான் இருந்திருக்கு” என்றார் மெதுவாக. குழாயை அதன் இடத்தில் நிறுத்திவிட்டு, “நான் மனுசக் கட்சி” என்றார்.

பெருமாள் அண்ணன் ஓடிப்போய் ஆட்டோ கொண்டுவந்தார். அன்றே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எல்லா மாத்திரைகளையும் நிறுத்தினார்கள். மருத்துவர் எங்களைத் திட்டவில்லை. வாந்தி எப்போது தொடங்கியது என்று மட்டும் கேட்டார். அமல்ராஜ் சார் அக்காவைப் பார்த்தார். அக்கா சுவரைப் பார்த்தார். ஈரல் தானாகத் தேறினால்தான் உண்டு, அதற்கு மருந்து இல்லை என்று மருத்துவர் சொன்னார்.

மருந்துகளைச் சோதிப்பதே எங்கள் தொழில். அக்காவுக்குக் கொடுக்க எங்களிடம் ஒரு மருந்தும் இல்லை.

நாங்கள் என்னவெல்லாமோ செய்தோம். கோவில்பதாகைப் பக்கம் யாரோ கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்கள் என்று பெருமாள் அண்ணன் சைக்கிளில் போய் வாங்கிவந்தார். அக்கா அந்தப் பச்சை உருண்டையைப் பார்த்தார். “இன்னா அண்ணாத்தே, நம்ம கொட்டகப் பசங்களுக்குக் குடுத்துப் பாத்தியா மொதல்ல?” என்றார். பெருமாள் அண்ணன் சிரிக்க முயன்று முடியாமல் வராந்தாவுக்குப் போய்விட்டார். அக்கா அதையும் விழுங்கினார். பங்குச் சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் பூசினார். நான் எங்கள் வீட்டுப் பக்கம் இருக்கிற அம்மன் கோயில் குங்குமத்தைக் கொண்டுபோனேன், தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார்.

ஒருநாள் தெளிவாக இருந்தபோது என்னிடம் சொன்னார்: “மாத்திரைய விட்டா நெஞ்சு போவுது. சாப்ட்டா ஈரல் போவுது. ரெண்டுல எதுனா ஒண்ணச் சொல்லேன் மல்லி. நீ படிச்சவதானே.” நான் அழுதேன். “சரி சரி, உன்னக் கேட்டேன் பாரு” என்று என் தலையைத் தடவினார். பிறகு, “ஷீபாவயும் எவனாவது சோதிச்சி வெக்கணும். என் பொண்ணு எந்தக் கட்சின்னு தெரியாம யாரும் மாத்திர குடுத்துடக் கூடாது” என்றார். இதை இங்கே எழுதி வைக்கிறேன். அமல்ராஜ் சாரும் இதைப் படிப்பார்.

ஷீபாவின் புதுநன்மை அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அக்காவால் போக முடியவில்லை. பூசை முடிந்ததும் வெள்ளை கவுனோடு பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார்கள். அதற்குள் அக்காவின் நினைவு கலங்கத் தொடங்கியிருந்தது. மகளை அடையாளம் தெரிந்தது. பக்கத்தில் வரச்சொல்லிக் கையை நீட்டினார். நீட்டிய கையைப் பார்த்ததும் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

“வேணாம். கிட்ட வராத. வெள்ள கவுன்ல ஒட்டிக்கும்” என்றார்.

பிறகு என்னைத் தேடினார். இரண்டு கைகளையும் என் முன் விரித்தார். உள்ளங்கையெல்லாம் மஞ்சள். “மல்லி, நிறம் இன்னும் கீது, பாரு. கை சுத்தமில்ல. கழுவு.”

கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து அவர் கைகளைக் கழுவினேன். துடைத்தேன். அவர் பார்த்தார். “இன்னும் கீது” என்றார். மறுபடி கழுவினேன். இன்னும் கீது. ஷீபா கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கழுவிக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு அக்கா தெளிவாக எதுவும் பேசவில்லை. ‘இன்னும் கீது’ என்பதே அவர் எனக்குச் சொன்ன கடைசி வார்த்தை.

ஆவடியில் அடக்கம் முடிந்து மறுநாள் வேலைக்குப் போனேன். குரங்குகளுக்கு மாத்திரை கொடுத்தோம். மாலையில் குழாய்களை வரிசைப்படுத்தினேன். சாதாரண மாத்திரை கொடுத்த குரங்கின் மாலைக் குழாயை அதே மேற்கு ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் போல இருந்தது. காலையில் அந்தக் குரங்கு விழுங்கியது, அக்கா விழுங்கிய அதே மருந்து. அது கூண்டில் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தது.

இப்போதும் ஆவடியிலிருந்து வரும் வண்டியில்தான் ஏறுகிறேன். இடம் கிடைத்தால் உட்காருகிறேன், இல்லாவிட்டால் நிற்கிறேன்.

ரெஜினா அக்கா, அன்று கிண்ணத்துத் தண்ணீர் கலங்கவே இல்லை. நான் பார்த்தேன். கடைசியாகத் துடைத்த துணியும் வெள்ளையாகத்தான் இருந்தது. உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இங்கே சொல்கிறேன். உங்கள் கை சுத்தமாகத்தான் இருந்தது அக்கா. ஷீபாவை நீங்கள் தொட்டிருக்கலாம்.